கழற்றி வைத்த கம்ப்யூட்டர் போட்ட ஓட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு, காத்துக் கருப்பு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எங்கள் நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரியில் அடிபட்டுச் செத்தவன் ரோட்டோரம் நின்று லிஃப்ட் கேட்கிறான் என்று ஊரே பயந்துகொண்டிருந்தபோது, அதே இடத்தில் வண்டியை நிறுத்தி நிதானமாக ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தவன் நான். பதினாறு வருஷமாக சர்வர்களோடுதான் குப்பை கொட்டுகிறேன். அதில் எது கெட்டாலும் காரணம் இருக்கும். கேபிள் லூசாக இருக்கும், எலி கடித்திருக்கும், இல்லாவிட்டால் எவனோ ஒருவன் எதையாவது செய்துவிட்டு நான் தொடவே இல்லை சார் என்பான். இந்த மூன்றையும் தாண்டி நான்காவதாக ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், பரவாயில்லை, முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். இன்னொன்று, இது ராத்திரி நடந்த கதை இல்லை. பட்டப்பகல், ஞாயிற்றுக்கிழமை மதியம், ட்யூப்லைட் எரிகிற ஏசி ரூம்.

நான் வேலை பார்ப்பது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். பெரிய கட்டடம் கடலூரில், கிளை சிதம்பரத்தில். நோயாளியின் சீட்டு, ரத்தப் பரிசோதனை, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதுவரை எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அது நின்றால் ஆஸ்பத்திரியே கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரிதான். அதனால் ஒரு சர்வருக்கு இரண்டாக வைத்திருக்கிறோம், கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று. ஒன்று வேலை செய்யும். மற்றது அது எழுதுவதையெல்லாம் அப்படியே காப்பி எடுத்துக்கொண்டு காத்திருக்கும். முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவது உடனே பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் லைன் அறுந்துவிட்டால், ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டதென்று நினைத்துக்கொள்ளும், இரண்டுமே தலைவனாகிவிடும், ஒரே நோயாளிக்கு இரண்டு விதமான குறிப்பு ஓட ஆரம்பித்துவிடும். அதைத் தடுக்கத்தான் மூன்றாவதாக ஒரு மெஷின். எங்களிடம் அது ஒரு பழைய பில்லிங் கம்ப்யூட்டர். அதற்கு ஸ்கிரீன் கிடையாது, கீபோர்டு கிடையாது, அதன் வேலை ஓட்டுப் போடுவது மட்டும்தான். சர்வர் ஐந்து நொடிக்கு ஒருமுறை கேட்கும், இது “இருக்கிறேன்” என்று பதில் சொல்லும். மூன்றில் இரண்டு ஓட்டு கையில் இருந்தால்தான் ஒரு சர்வர் ஓடலாம். தனியாக மாட்டிக்கொண்டால், தப்பாக எதையும் எழுதிவிடக் கூடாதென்று முப்பது நொடியில் தானாகவே நின்றுவிடும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. அந்த மூன்றாவது மெஷினை நாங்கள் சாட்சி என்று கூப்பிடுவோம். முறைப்படி அதை மூன்றாவது ஊரில் வைக்க வேண்டும். எங்களுக்கு ஏது மூன்றாவது ஊர்? சிதம்பரத்து சர்வர் ரூமிலேயே ஒரு ஓரமாக வைத்திருந்தோம்.

அந்த வருஷம் சர்வர் மென்பொருளின் பழைய பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று கம்பெனியிலிருந்து சொல்லிவிட்டார்கள். புதுசுக்கு மாற்றியே ஆக வேண்டும். இதற்கு முந்தைய தடவை மாற்றியபோது ஐம்பது நிமிஷம் எல்லா ஸ்கிரீனும் நின்று, பார்மசி ஜன்னலில் ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “இன்னொரு தபா இந்த மாதிரி நின்னுச்சின்னா நீ வேற எடம் பாத்துக்க” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னதால்தான் எனக்குப் பயம் ஜாஸ்தியானது.

இந்த முறை ஒரு நிமிஷம்கூட நிற்காது சார் என்று வாக்குக் கொடுத்தேன். முதலில் சிதம்பரம் சர்வரை மாற்றுவது, கடலூர் அதுவரை வேலை செய்யும். பிறகு வேலையை சிதம்பரத்துக்குத் தள்ளிவிட்டுக் கடலூரை மாற்றுவது. ராத்திரியில் செய்யேன் என்றார் மேனேஜர். ராத்திரியில்தான் சார் பிரசவமும் விபத்தும் வரும், ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு எவனும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டான் என்றேன். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது.

கடலூர் சர்வர் ரூமில் நானும் என் கூட வேலை பார்க்கும் பாபுவும். பாபு குடிகாடு ஊர்க்காரன், என்னைவிட நாத்திகன். சிதம்பரத்தில் ஸ்டெல்லா. அங்கே முன் அலுவலகம் முழுக்க அந்தப் பெண்ணின் பொறுப்புதான், கம்ப்யூட்டர் படித்தவள், ஒரு விஷயத்தை இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, நான் பேப்பரில் எழுதி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே டிக் அடித்தேன்.

“ஸ்டெல்லா, சர்வர் ரூம்ல எல்லா மெஷினும் நல்லாருக்கா?”

“சூப்பரா இருக்கு சார். ஆயுத பூஜைக்கு அஞ்சலை அக்கா எல்லாத்தையும் தொடச்சி, சந்தனம் குங்குமம் வச்சி, பளபளன்னு வச்சிருக்காங்க.”

அஞ்சலை அக்கா அங்கே கூட்டிப் பெருக்குகிறவர். நானும் சிரித்துவிட்டு டிக் அடித்தேன். பேப்பரில் நான் எழுதியிருந்தது, சாட்சி மெஷினில் பச்சை லைட் எரிகிறதா என்று நேரில் போய்ப் பார்க்கச் சொல்லவேண்டும் என்று. நான் கேட்டது வேறு, அவள் சொன்னது வேறு, நான் டிக் அடித்தது மூன்றாவது. என் ஸ்கிரீனில்தான் மூன்று மெஷினுக்கான மூன்று புள்ளியும் பச்சையாக எரிகிறதே, அப்புறம் நேரில் எதற்கு என்ற திமிர்தான், வேறென்ன சொல்வது.

சிதம்பரம் அழகாக மாறிவிட்டது. இரண்டு மணி இருபத்தெட்டுக்கு வேலையை அதன் தலையில் கட்டிவிட்டுக் கடலூர் சர்வரை நிறுத்தி அப்டேட்டை ஓடவிட்டேன். ஒரு மணி நேரம் ஆகும், நடுவில் நிறுத்தவும் முடியாது. பாதி கழற்றிய இன்ஜின் மாதிரி கிடக்கும். ஆகவே அந்த ஒரு மணி நேரமும் இரண்டு ஊருக்கும் சிதம்பரம் சர்வர் மட்டும்தான், அதற்குத் துணை சாட்சியின் ஒரு ஓட்டு மட்டும்தான்.

இரண்டே முக்கால் இருக்கும், ஸ்டெல்லாவின் போனில் சத்தம் கேட்டது. ஸ்ட்ரெச்சர் சக்கரம், யாரோ ஓடுவது, ஒரு பெண் அழுவது. வெள்ளாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் பைக்கிலிருந்து விழுந்தவராம், தலையில் அடி, நினைவில்லை. அழுத பெண் வழியில் பார்த்துத் தூக்கிவந்தவள், அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. சட்டைப் பையில் எங்கள் ஆஸ்பத்திரி கார்டு மட்டும் இருந்தது. ஸ்டெல்லா நம்பரைத் தட்டினாள், புவனகிரிக்காரர் என்று வந்தது. ஸ்கிரீனில் சிவப்பு எழுத்தில் வந்ததை டாக்டருக்குச் சத்தமாகப் படித்தது எங்களுக்கும் கேட்டது. இதய வால்வு ஆபரேஷன் ஆனவர், ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை போடுகிறவர்.

எனக்கு மருத்துவம் தெரியாது, ஆனால் பதினாறு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தால் சிலது புரியும். தலைக்குள் ரத்தம் கசிகிற ஆளுக்கு ரத்தம் உறையாத மாத்திரை உடம்பில் இருந்தால், அதை முறிக்கிற மருந்தை உடனே கொடுக்க வேண்டும். அது தெரியாமல் கத்தியை வைத்தால் ஆள் மேஜையிலேயே போய்விடுவார். அந்தச் சிவப்பு வரி கண்ணில் பட்டதால்தான் டாக்டர் வேறு மருந்து கேட்கிற சத்தம் வந்தது. எனக்கு ஒரே பெருமை. பார்த்தாயா, ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை என்று பாபுவின் தோளில் தட்டினேன்.

அவன் திரும்பவில்லை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், சாட்சி பதில் சொல்ற நேரம் பூஜ்யம் காட்டுது.”

இதைச் சொல்ல வேண்டும். ஒரு மெஷின் கேட்டு இன்னொன்று பதில் சொல்ல, ஒரே ரூமுக்குள் இருந்தாலும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது ஆகும். வழக்கமாக ஒன்று, இரண்டு என்று காட்டும். பூஜ்யம் நான் பார்த்ததே இல்லை. கேட்கிறவனும் சொல்கிறவனும் ஒருவனாகவே இருந்தால்தான் அப்படி வரும். சரி, கேபிளில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஸ்டெல்லாவிடம் சாட்சி மெஷினைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

செருப்புச் சத்தம், கதவு திறக்கிற சத்தம். பிறகு அவள் குரல், “சார், அது இங்க இல்லியே சார். அஞ்சலை அக்கா பூஜைக்கு எடுத்து தொடச்சாங்க இல்ல, அத ஸ்டோர் ரூம்ல வச்சிட்டாங்க போலருக்கு. ஸ்கிரீனும் இல்லாம சும்மா கெடக்குதேன்னு. இருங்க... ஆமா சார், இங்கதான் இருக்கு. ஒயரெல்லாம் சுத்தி கட்டி வச்சிருக்காங்க.”

நான் காலண்டரைப் பார்த்தேன். ஆயுத பூஜை புதன்கிழமை, அன்றைக்குப் பதினோராம் நாள். பதினோரு நாளாகக் கரண்டே இல்லாத ஒரு மெஷின் என் ஸ்கிரீனில் பச்சையாக எரிந்துகொண்டிருக்கிறது. அதுகூடப் போகட்டும். சிதம்பரத்தை மாற்றியபோதே கடலூர் தனியாக மாட்டி நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. கடலூரை நான் நிறுத்திய முப்பதாவது நொடியில் சிதம்பரம் சர்வர் தானாக நின்றிருக்க வேண்டும். ஓட்டு ஒன்றுதானே இருக்கிறது. ஆனால் இருபது நிமிஷம் தாண்டியும் ஓடுகிறது, அதில் ஒரு மனுஷன் உயிரின் விவரம் திறந்து கிடக்கிறது.

“மாட்டிடவா சார்? ரெண்டு நிமிஷத்துல மாட்டிடுவேன்,” என்றாள் ஸ்டெல்லா.

மாட்டு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. ஏற்கெனவே ஒருவன் அந்தப் பெயரில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அதே பெயரில் நிஜ மெஷின் வந்து பேசினால் சர்வர் குழம்பி ஓட்டை மறுபடி எண்ணும். எண்ணுகிற நேரத்தில் நின்றுவிட்டால்? கடலூர் எழுந்து வர இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது. எது பதில் சொல்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அதைத் தொந்தரவு செய்யப் பயமாக இருந்தது. அதுதான் உண்மை.

“வேணாம்மா. எதையும் தொடாத. மொதல்ல அந்தாளோட ரெக்கார்ட பூரா பிரிண்ட் எடுத்து டாக்டர் கையில குடுத்துடு. அந்த ரூம் பக்கம் யாரையும் விடாத.”

பிரிண்டர் ஓடுகிற சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்பது பக்கம். அது முடிந்தும் நிம்மதி வரவில்லை, ஏனென்றால் ரத்தம் எடுத்து அனுப்புகிறார்கள், பரிசோதனை முடிவு ஸ்கிரீனில்தான் வரும், எந்த வகை ரத்தம் இருப்பில் இருக்கிறது என்பதும் அதில்தான். ஸ்டெல்லா ஒவ்வொரு நிமிஷமும் “ஓடுது சார்” என்றாள். நாங்கள் இருவரும் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு கட்டத்தில் பாபு கையெடுத்துக் கும்பிட்டான். நான் பார்த்ததும் மூக்கைச் சொறிகிற மாதிரி செய்தான்.

மூன்று மணி முப்பத்தொன்றுக்குக் கடலூர் சர்வர் புதுப் பதிப்போடு எழுந்தது. இரண்டு நிஜமான ஓட்டு கையில் வந்துவிட்டது. அந்தப் புவனகிரிக்காரரை அந்நேரத்துக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள்.

அன்று சாயந்திரமே பஸ் பிடித்து சிதம்பரம் போனேன். என் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும். ஸ்டோர் ரூமில் குளுக்கோஸ் அட்டைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தது சாட்சி. நெற்றி மாதிரி முன்பக்கத்தில் சந்தனம், நடுவில் குங்குமம், தலையில் காய்ந்த சாமந்தி. கரண்டு ஒயரைச் சுருட்டி, பூ கட்டுகிற நாரால் இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கே நகம் வலித்தது, யாரும் நடுவில் அவிழ்த்து மாட்டியிருக்க முடியாது. அஞ்சலை அக்கா கதவோரம் நின்று அழுகிற முகத்தோடு, “தம்பி, அது ஓடாத மெஷினுன்னு நெனச்சிட்டேன். எம்மேல தப்பா? வேலய விட்டு தூக்கிடுவாங்களா?” என்று கேட்டார். தப்பு என் டிக்கில் இருக்கிறது, அந்த அம்மாவை என்ன சொல்வது? “ஒண்ணும் இல்லக்கா, நீங்க போங்க” என்று அனுப்பிவிட்டேன்.

பிறகு சர்வர் ரூமுக்குப் போனேன். சர்வரின் லாக், அதாவது அது தானாக எழுதிவைக்கிற பதிவு, அந்த மெஷினிடமிருந்து பதினோரு நாளும் ஐந்து நொடிக்கு ஒரு பதில் வந்ததாகச் சொல்கிறது, ஒன்றுகூடத் தவறவில்லை. எந்த வழியாக வந்தது என்று பார்த்தால், எல்லா மெஷினின் கேபிளும் வந்து சேருகிற ஸ்விட்ச் பெட்டியின் ஏழாவது துளை. அந்தத் துளையில் கேபிள் இல்லை. அக்கா ஸ்விட்சையும் விட்டுவைக்காமல் பொட்டு வைத்ததில் சந்தனம் உள்ளே இறங்கி, காய்ந்து, துளையே அடைபட்டுக் கிடந்தது. பேனா முனையால் சுரண்டித்தான் எடுத்தேன். பழைய மெஷினைத் தனியாக, எதோடும் சேர்க்காமல் போட்டுப் பார்த்தேன். அதன் சொந்த லாக் ஆயுத பூஜை காலை ஒன்பது நாற்பதோடு முடிந்திருந்தது. அதற்கப்புறம் அது எதுவும் பேசவில்லை, அதைப் பொறுத்தவரை.

வேறு ஏதோ மெஷின் அதே முகவரியில் வந்திருக்கும் என்பீர்கள். நானும் பாபுவும் ஒரு வாரம் ஒவ்வொரு மெஷினாகத் தேடினோம், சிசிடிவி வரைக்கும். இல்லை. மென்பொருள் கம்பெனிக்கு எழுதினேன், ஸ்கிரீனில் தப்பாகக் காட்டியிருக்கும் என்று பதில் வந்தது. ஸ்கிரீன் தப்பாகக் காட்டலாம் ஐயா, ஓட்டு இல்லாமல் சர்வர் எப்படி ஒரு மணி நேரம் ஓடியது என்று கேட்டேன். அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

அடுத்த நாளே புதுசாக ஒரு சின்ன மெஷின் வாங்கி சாட்சியாகப் போட்டேன். பழையதின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். நீக்கவில்லை. ஓட்டுரிமையை மட்டும் எடுத்துவிட்டுப் பெயரை விட்டுவைத்தேன். பயத்தைவிட எனக்கு அப்போது ஆசைதான் அதிகம், இது எத்தனை நாள் எரிகிறது பார்ப்போம் என்று. பழைய மெஷின் கடலூரில் என் மேஜைக்கடியில், ஒயர் என் டிராயரில். ஸ்கிரீனில் பச்சைப் புள்ளி, பக்கத்தில் பூஜ்யம். தினமும் அப்படியேதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிவப்பானது. உடனே சிதம்பரத்துக்குப் போன் போட்டேன், அங்கே யாராவது எதையாவது தொட்டார்களா என்று கேட்க.

ஸ்டெல்லா மூச்சு வாங்கினாள். “சார், அப்பறம் கூப்புடட்டா? அந்த புவனகிரிக்காரர் டிஸ்சார்ஜ் சார். அவரா நடந்து போயி, இப்பதான் ஆட்டோல ஏறுனாரு. நாங்க எல்லாம் வாசல்லதான் நிக்கிறோம்.”

போனை வைத்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. எதுவாக இருந்தாலும் அந்த மனுஷனுக்கு நல்லதுதானே செய்தது. பாபுவிடம் சொன்னேன், அவனும் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. இரண்டு பேரும் போய் டீ சாப்பிட்டோம். பாதி டீயில்தான் எனக்கு அது உறைத்தது, கிளாஸை அப்படியே வைத்துவிட்டேன்.

அவர் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை. ஒயரைப் பிடுங்கியது அதற்குப் பதினோரு நாள் முன்னால். பிடுங்கிய அந்த ஐந்தாவது நொடியிலிருந்தே பதில் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவர் நன்றாக இருந்திருப்பார். ஊரில் எல்லோரையும் போல வண்டியைக் கழுவி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றியிருப்பார். அவர் விழப்போகிறார் என்று அவருக்கே தெரியாது, ஆனால் ஏதோ ஒன்று அப்போதே அவருக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

உலகத்தில் சர்வர் பார்க்கிறவன் எல்லோரும் பச்சையைப் பார்த்தால்தான் நிம்மதியாவான். நான் ஒருவன்தான் தினமும் காலையில் போய், அந்த ஒரு புள்ளி சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிறேன். பெயரை நீக்கிவிடு என்கிறாள் என் மனைவி. நீக்கிவிட்டால், அடுத்து யாருக்காகவோ அது மறுபடி பச்சையாவது எனக்கு எப்படித் தெரியும்? இன்றைக்குச் சிவப்புதான், பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.